நர்ஸ் வேலையிலிருந்து மழலையர் கல்விக்கு: எதைப் படிப்பது?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் இருக்கிறேன், வயது 31. ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்துவிட்டு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டி இனி முடியாது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. என்ன படிக்கலாம்? இத்தனை வருட அனுபவம் வீணா?

பதில்: எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், படிப்பு அப்புறம். அரசுத் தொடக்கப்பள்ளி என்றால் இரண்டு வருட டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் டிப்ளமோ), அதற்குமேல் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. வேலையை விட்டால்தான் அதைப் படிக்க முடியும். பி.எட். வேண்டாம். அதற்குப் பட்டம் தேவை, ஜி.என்.எம். டிப்ளமோதான். போதாததற்கு, 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியே இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) டி.இ.சி.இ., அதாவது மழலையர் பராமரிப்பு மற்றும் கல்வி டிப்ளமோ. பிளஸ் டூ போதும், குறைந்தது ஒரு வருடம், தொலைநிலைக் கல்வி. மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. அதில் ஒரு தாள் குழந்தை நலமும் ஊட்டச்சத்தும். பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். உழைக்க வேண்டியது செயல்திட்டத்தில். பிள்ளைகள் தாங்களே செய்து கற்கும் மாண்டிசோரி முறையில் சில மாதப் பயிற்சிச் சான்றிதழைத் தனியார் நர்சரிகள் ஏற்கலாம், அரசு வேலைக்கு உதவாது. (1907-இல் ரோமில் முதல் பள்ளி தொடங்கிய மாண்டிசோரி அம்மையாரே டாக்டர்தான்.)

அனுபவம் வீணாகாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, எடை ஏறாத பிள்ளை, இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை என்று உங்கள் கண்ணில் சட்டென்று படும். அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறைதான் வரும். தினமும் பார்ப்பவர் டீச்சர். ஆனால் வார்டு பழக்கம் ஒன்றை விட வேண்டும். அங்கே எல்லாவற்றையும் நேரத்துக்குள் நாமே செய்து முடிப்போம். இங்கே மூன்று வயதுப் பிள்ளை செருப்பு மாட்டப் பத்து நிமிடம் எடுத்தால், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மணலில் அளைவதைப் பார்த்ததும் கிருமி என்று பதறக் கூடாது. நர்ஸாக இருந்து வருபவர்கள் திணறுவது பாடத்தில் இல்லை, இதில்தான்.

சம்பளம் ஆரம்பத்தில் குறையும். சொந்தமாக ப்ளே ஸ்கூல் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்கிறேன்: உங்கள் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நீங்கள் அட்மிஷன் போடும் நேரத்தில் பல வீடுகளில் வருமானமே இருக்காது. மொத்தமாகக் கட்டணம் கேட்காதீர்கள், மாதாமாதம் வாங்குங்கள். கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்களுக்கு ஏ பி சி டி-யைவிட, பிள்ளையை நம்பி விட்டுப்போக ஓர் இடம்தான் தேவை. அவர்கள் கடலுக்குப் போகும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கதவைத் திறங்கள்.

உடனே ராஜினாமா வேண்டாம். பகல் டியூட்டி கேட்டுப் பாருங்கள். ஆஃப் நாளில் பக்கத்து நர்சரியில் அனுமதி வாங்கிக்கொண்டு உட்காருங்கள். வேலை மாறினாலும் நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வையுங்கள்.