கடலோடி பதில்கள்: மாலைதீவும் தலைசுற்றும்

கேள்வி: மார்ச்சில் மாலைதீவைச் சொகுசுப் படகில் ஒரு வாரம் சுற்ற மகன் கூப்பிடுகிறான். எனக்கோ புறாத்தீவுக்குப் போவதற்குள்ளேயே தலைசுற்றும். போகலாமா?
- வாசகி, நிலாவெளி

பதில்: தாராளமாகப் போங்கள் அக்கா. மார்ச் நல்ல மாதம், வாடைக்காற்று அடங்கிவிடும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கினால்தான் அங்கே கடல் முரண்டு பிடிக்கும்; நம் திருகோணமலைக் கடலுக்கு நேர்மாறு. 1,192 தீவுகளும் பவளப்பாறை வளையங்களாகக் கிடப்பதால் உள்ளே அலை குறைவு. ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போதுதான் படகு ஆடும். அந்த நேரங்களில், சமையற்காரனாக இருந்த நான், சமையல் மேடையில் ஈரத்துணி விரித்துத்தான் தட்டு வைப்பேன். இல்லாவிட்டால் சொதி தரைக்குத்தான்.

மேல்தட்டு முன்னறைக்குக் காசைக் கொட்டுவார்கள், ஆட்டமும் அங்கேதான் அதிகம். மகனிடம் கீழ்த்தட்டில் நடு அறை கேளுங்கள். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்புமுன்னே போடவேண்டும், வந்தபின் போட்டுப் பயனில்லை. பிரஷர் மருந்து எடுப்பவரென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெறும் வயிறு வேண்டாம். கிரீம் இல்லாத பிஸ்கட், இஞ்சித் தேநீர் போதும்.

அப்புறம், மகனுக்கென்று சாராயப் போத்தல் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மாலே விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.