கேட்டி என்ன தப்பு செய்தாள்?

கேள்வி: நெட்ஃபிளிக்ஸில் ‘அடலசன்ஸ்’ தொடரைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. அந்தப் பெண் இன்ஸ்டாகிராமில் கேலி செய்யாமல் இருந்திருந்தால் 13 வயதுப் பையன் கத்தியைத் தூக்கியிருப்பானா? இணையம் கெடுத்த பிள்ளை. அவனும் பாவம்தானே?
— ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: அந்தப் பையன் ஜேமிக்காக அழுங்கள், தப்பில்லை. ஜேமியாக நடித்து, முதல் வேடத்திலேயே எம்மி விருது வாங்கிய ஓவன் கூப்பர் நம்மை அழவைக்காமல் விடுவாரா? ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் பகுதியை இன்னொரு தரம் பாருங்கள். ஒரே அறை, ஒரு உளவியலாளர், ஜேமி. அவன் கொன்ற பெண் கேட்டியின் அரைநிர்வாணப் படம் பையன்களின் போன்களில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். இப்போது அவள் துவண்டு போயிருப்பாள், கேட்டால் மறுக்கமாட்டாள் என்று நினைத்துத்தான் அவளை வெளியே கூப்பிட்டதாக ஜேமியே சொல்கிறான். அவள் முடியாது என்றுவிட்டாள். அவனுடைய இன்ஸ்டாகிராமில் அவள் கேலி எமோஜிகள் போட்டது அதற்கப்புறம். இந்த வரிசையை மறந்துவிட்டு ‘அவள்தானே சீண்டினாள்’ என்றால் எப்படி?

அந்த எமோஜிகளை விசாரணை அதிகாரி பாஸ்கோம்ப் சிநேகப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தார். அதே பள்ளியில் படிக்கும் அவர் மகன் ஆடம், அப்பா மேலும் அசடு வழிவதைப் பார்க்கப் பொறுக்காமல், தனியாகக் கூப்பிட்டு விளக்குகிறான். சிவப்பு மாத்திரை என்றால் ‘பெண்களைப் பற்றிய உண்மை எனக்குப் புரிந்துவிட்டது’ என்று இணையத்தில் சில ஆண்கள் சொல்லிக்கொள்வது; 100 என்றால் எண்பது-இருபது கணக்கு. நூற்றுக்கு எண்பது பெண்களின் கண் நூற்றுக்கு இருபது ஆண்கள் மேலேயே இருக்கிறதாம்! மிச்சமுள்ளவர்களில் ஒருவன் நீ, உன்னை எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்பதுதான் கேலி. இந்தக் கணக்கைக் கேட்டி கண்டுபிடிக்கவில்லை. ஆண்களுக்கு ஆண்கள் போதித்து, அதில் காசும் பார்க்கிற வியாபாரம் அது. அவள் அதை எடுத்து ஒரு குத்து குத்தினாள், அவ்வளவுதான். நல்ல காரியமில்லை, சரி. அதற்குக் கொலையா?

2025 மார்ச்சில் தொடர் வந்ததும் ஊரே பேசியது. பிரதமர் ஸ்டார்மர் தன் பிள்ளைகளோடு பார்த்தார், டவுனிங் தெருவில் கூட்டம் போட்டார். பள்ளிகளில் இலவசமாகத் திரையிட ஏற்பாடு ஆனது. இன்னொரு கூட்டம் இது 2024-இல் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்ட சவுத்போர்ட் சம்பவத்தின் கதை, கொலைகாரனின் நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்று எக்ஸ் தளத்தில் கிளம்பியது. எந்தத் தனி வழக்கையும் வைத்து எழுதவில்லை என்று தொடரை எழுதியவர்களில் ஒருவரான ஜாக் தோர்ன் மறுக்க வேண்டியதாயிற்று. போன், நிறம், ஒரே ஷாட்டில் எடுத்த சாமர்த்தியம் என்று எத்தனை பேச்சு! கேட்டியின் பேர் எத்தனை பேர் வாயில் வந்தது? எல்லோருக்கும் ஜேமிதான் நினைவிருக்கும், அவளை யாரும் நினைக்கமாட்டார்கள் என்று தொடரிலேயே மிஷா என்ற பெண் அதிகாரி பொருமுகிறார். எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. தெரிந்தும் கேட்டியின் வீட்டுக்குள் கேமரா ஒரு முறைகூடப் போகவில்லை என்பது என் மனத்தாங்கல்.

இணையம் கெடுத்தது என்கிறீர்கள். கெடுத்ததுதான். ஆனால் அதே வீட்டில், அதே அப்பா அம்மாவிடம் ஜேமியின் அக்கா லிசாவும் வளர்ந்தாள். கடைசிப் பகுதியில் பெற்றோர் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து இதைத்தான் பேசுகிறார்கள். பிள்ளை அறைக்குள்தானே இருக்கிறான், பத்திரமாக இருக்கிறான் என்று நம்பியவர்கள் அவர்கள்.

உங்கள் வீட்டில் பையன் இருந்தால் போனைப் பிடுங்குவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: கேட்டியின் படம் உன் வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்தால் நீ என்னடா செய்திருப்பாய்?