வெளிநாட்டில் புதிதாகக் குடியேறிய ஊரில் உள்ளூர் மக்களின் விருந்தோம்பலை நீங்கள் உணர்ந்ததுண்டா? அந்த ஊரை எப்படிச் சுற்றிப் பார்த்தீர்கள்?

உண்டு. நான் சொல்லப்போகும் ஊர், கிரேக்க நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான தெசலோனிக்கி. அங்குள்ள அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தில் என் கணவருக்கு ஓராண்டு ஆய்வுப் பணி கிடைத்ததால், 2023 செப்டம்பரில் இருவரும் போய்ச் சேர்ந்து மறு ஆண்டு ஆகஸ்ட் வரை குடியிருந்தோம். மூன்று நாள் பயணமாகப் போயிருந்தால் கடற்கரையையும் வெள்ளைக் கோபுரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். குடியிருந்ததால்தான் அந்த ஊர் புதியவரை எப்படி நடத்துகிறது என்பதும், அந்த உபசரிப்பை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு முதலில் தெரியவில்லை என்பதும் புரிந்தன.

நாங்கள் வீட்டுச் சாவியை வாங்கிய நாள் ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஞாயிறன்று பல்பொருள் அங்காடிகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. வீட்டில் அரிசி, பால் எதுவும் இல்லை. தெருமுனையில் 'பெரிப்டெரோ' எனப்படும் பெட்டிக்கடை மட்டும் திறந்திருந்தது. பிஸ்கட்டும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு படியேறியபோது, மூன்றாம் மாடியில் கதவருகே நின்ற வயதான அம்மையார் ஒருவர் எங்கள் முகத்தையும் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கையில் மூடிய தட்டு. அதில் அரிசியும் கீரை மணமும் நிறைந்த தக்காளி, குடைமிளகாய். 'யெமிஸ்டா' என்று அதற்குப் பெயர். நாங்கள் சைவம் என்பதால், உள்ளே கறி கலந்திருக்குமோ என்று கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி வழியே தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் முகவாயை மேலே உயர்த்தி, நாக்கைத் தட்டி 'ச்' என்றார். நம் வீட்டுப் பாட்டிமார் 'இல்லை' என்பதற்கு எழுப்பும் அதே ஒலி. கிரேக்கத்தில் நான் புரிந்துகொண்ட முதல் சொல் அதுதான். தொடர்ந்து அவர் "நிஸ்திசிமோ" என்றார்.

சைவ உணவுக்காரர்கள் கிரேக்கம் போவதாக இருந்தால் இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். கிரேக்க மரபுவழித் திருச்சபையினர் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களும், ஆண்டு முழுவதும் பெரும்பாலான புதன், வெள்ளிகளும் நோன்புக்குரியவை என்று கொள்கிறார்கள். அந்நாட்களில் இறைச்சி, முட்டை, பால் பொருள்கள் விலக்கு. அந்த நோன்புக்கு ஏற்ற உணவே 'நிஸ்திசிமோ'. ஆனால் நத்தை, இறால், கணவாய் போன்றவற்றுக்கு அதில் அனுமதி உண்டு என்பதால் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது தவிர, ஆலிவ் எண்ணெயில் காய்கறிகளை நிதானமாக வேகவைக்கும் 'லாதெரா' வகைச் சமையல் எல்லா வீட்டிலும் உண்டு. சைவம் என்று விளக்கியபோது புருவம் உயர்த்திய உணவகத்தாரும், நிஸ்திசிமோ என்றவுடன் தம் தாயார் செய்த பண்டங்களை நினைவுகூர்ந்து அடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் ரவை வாங்கிக் கேசரி கிளறி, அம்மையாரின் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது நம்மிடம் வழக்கமில்லையே. அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டதும் கண்கள் விரிந்தன, "ஹல்வாஸ்!" என்றார். கிரேக்க வீடுகளில் ரவையை வறுத்துச் சர்க்கரைப் பாகு ஊற்றி, இலவங்கப்பட்டையும் கொட்டைகளும் சேர்த்துக் கிளறும் ஓர் இனிப்பு உண்டு. அதன் அளவு அங்கே குழந்தைக்கும் தெரியும்: எண்ணெய் 1, ரவை 2, சர்க்கரை 3, தண்ணீர் 4. நோன்பு நாளுக்கும் ஆகும்படி அவர்கள் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்க்கிறார்கள். நெய்யில் செய்த நம் கேசரியை அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தம் தாயாரும் பக்கத்து வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பியதில்லை என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு 'கிரியா', அதாவது அம்மையார். நான் அவருக்கு 'கொரிட்சி மு', என் பெண்.

தட்டு விஷயத்தில் சரியாக நடந்துகொண்ட நான் பணத்தின் விஷயத்தில் தவறினேன். எங்கள் தெரு அடுமனையில் தினமும் 'குலூரி' வாங்குவோம். எள் தூவிய வளைய ரொட்டி அது, அந்த ஊரின் காலை உணவு. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் கடைக்காரர், நாங்கள் கேட்காமலே, பாலேடு அடைத்துப் பொடிச் சர்க்கரை தூவிய 'புகாட்சா' துண்டுகளைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். நான் "வேண்டாம், இருக்கட்டும்" என்று மறுத்து, அவர் வற்புறுத்தியதும் காசை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. மாலையில் கிரியாவிடம் சொன்னபோது அவர் விளக்கினார். அதற்குக் 'கேரஸ்மா' என்று பெயர்: ஒருவர் மனமுவந்து இன்னொருவருக்குச் செய்யும் உபசாரம். கையோடு அதற்கு விலை கொடுப்பது, வந்த உறவைக் கணக்குத் தீர்த்து அனுப்புவது போல. நன்றி சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகொரு நாள், வேறொரு வகையில், நம் முறை வரும். உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே வரும் பழத்தட்டும், ஒரு துண்டு இனிப்பும் இதே வகை. பண்பு என்று நினைத்து இரண்டு முறை மறுத்துப் பழகிய எங்களுக்கு, முதல் முறையிலேயே இரு கையும் நீட்டி வாங்கிக்கொள்ள ஒரு மாதம் பிடித்தது. அதன் பிறகுதான் ஊர் எங்களிடம் பேசத் தொடங்கியது என்று உறுதியாகச் சொல்வேன்.

கிரேக்க மொழியில் 'க்செனோஸ்' என்ற ஒரே சொல் அந்நியரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும்; விருந்தோம்பலுக்கு அவர்கள் சொல்லும் 'ஃபிலோக்செனியா' என்பது அந்தப் புதியவர் மீது கொள்ளும் அன்பு. பழந்தமிழில் விருந்து என்பதற்குப் புதுமை என்றும், புதிதாக வந்தவர் என்றும் பொருள் இருப்பதை நான் கிரியாவிடம் சொன்னபோது அவர் அதைத் தம் மகனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்.

அக்டோபர் 26 அந்நகரின் காவல் புனிதரான திமித்ரியோஸின் திருநாள். 1912-இல் நகரம் ஓட்டோமான் ஆட்சியிலிருந்து கிரேக்கத்தின் கைக்கு வந்ததையும் அதே நாளில் கொண்டாடுகிறார்கள். கிரியாவின் மகனுக்கு அந்தப் புனிதரின் பெயர் என்பதால் அன்று அவருக்குப் 'பெயர் நாள்'. அங்கே பெயர் நாள் காண்பவரே மற்றவர்களுக்கு உபசாரம் செய்கிறார். வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது. அழைப்பில்லாமலும் ஆட்கள் வந்து வாழ்த்திவிட்டு இனிப்பு எடுத்துக்கொண்டு போகிறார்கள். வாழ்த்துச் சொல் 'க்ரோனியா போல்லா'. சொல்லுக்குச் சொல் அதன் பொருள் பல்லாண்டு. அந்த வாழ்த்தை முதன்முதலாக நான் வாய்விட்டுச் சொன்னபோது, அறையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

நகரத்தை எங்களுக்குக் காட்டியவரும் கிரியாதான். எங்கள் வீடு ஆனோ போலி எனும் மேல்நகரத்தின் சரிவில் இருந்தது. 1917 ஆகஸ்டில் பிடித்த பெருந்தீ நகரின் நடுப்பகுதியை எரித்து ஏறத்தாழ 70,000 பேரை வீடிழக்கச் செய்தபோது, இந்தச் சரிவு பெரும்பாலும் தப்பியது. அதனால்தான் மாடி முன்துருத்திய பழைய மர வீடுகளும், இருவர் எதிரெதிரே நடக்க இயலாத சந்துகளும் இங்கே மிஞ்சியுள்ளன. கீழே அகன்ற சாலைகளும் கடலை நோக்கித் திறக்கும் அரிஸ்டாட்டில் சதுக்கமும் தீக்குப் பின் எர்னஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டத்தில் உருவானவை. தீயைப் பரப்பியது வடமேற்கிலிருந்து வீசும் 'வர்தாரிஸ்' காற்று. அதே காற்று குளிர்காலத்தில் வீசி ஓய்ந்த மறுநாள் வானம் கழுவி விட்டது போல் இருக்கும். அப்படியொரு ஜனவரிக் காலையில் கிரியா எங்கள் கதவைத் தட்டி, கோட்டை மதிலருகே கூட்டிப்போனார். வளைகுடாவுக்கு அப்பால், பனி மூடிய ஒலிம்பஸ் மலை முழு உருவத்தோடு நின்றது. 2,917 மீட்டர் உயர மலை கடலுக்கு மேலே மிதப்பது போலத் தோன்றும் அந்தக் காட்சியை, நாள் பார்த்துச் சொல்ல உள்ளூர்க்காரர் ஒருவர் இல்லாமல் நாங்கள் கண்டிருக்க மாட்டோம்.

அந்த மதிலருகேதான் அவர் தம் குடும்பக் கதையைச் சொன்னார். 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. துருக்கியிலிருந்து ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்தார்கள். கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் எதிர்த்திசையில் அனுப்பப்பட்டார்கள். மேல்நகரத்தில் முஸ்லிம்கள் விட்டுப்போன வீடுகளில் அகதிகள் குடியேறினார்கள். கிரியாவின் தாயார் ஆறு வயதுக் குழந்தையாக ஸ்மிர்னா பக்கத்திலிருந்து வந்தவர். முதல் நாள் இரவு முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ரொட்டியைத்தான் சாப்பிட்டாராம். எங்கள் கையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்த மாலையில் தமக்கு நினைவுக்கு வந்தது அதுவே என்று கிரியா சொன்னார். ஊரின் சமையலில் சீரகமும் இலவங்கப்பட்டையும் மணப்பதும் அந்த அகதிகள் கொண்டுவந்த கைப்பக்குவத்தால்தான். காப்பானி சந்தையில் எனக்கு மிளகாயும் சீரகமும் தேடித் தந்த கடைக்காரரும் அகதிக் குடும்பத்தவர்.

ஆனால் அந்த ஊர் இழந்த அண்டை வீட்டாரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 1492-இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள் இங்கே வந்து, நூற்றாண்டுகளாக நகரின் பெரும் சமூகமாக வாழ்ந்தார்கள். 1942 ஜூலையில் ஜெர்மானியப் படையினர் ஏறத்தாழ 9,000 யூத ஆண்களைக் கடலருகே உள்ள எலெஃப்தெரியாஸ் சதுக்கத்தில் வெயிலில் நிறுத்தி இழிவுபடுத்தினார்கள். மறு ஆண்டு 40,000-க்கும் மேற்பட்டோரை ரயிலேற்றி அவுஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பினார்கள். என் கணவர் தினமும் போய்வந்த பல்கலைக்கழக வளாகம், அழிக்கப்பட்ட அவர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தின் மேல் எழுந்தது. 2014-இல் அங்கே நினைவுச் சின்னம் ஒன்று வைத்திருக்கிறார்கள். கிரியா எங்களை எலெஃப்தெரியாஸ் சதுக்கத்துக்கு அழைத்துப்போய், அங்கேயுள்ள மற்றொரு நினைவுச் சின்னத்தின் முன் வெகுநேரம் பேசாமல் நின்றார். புதியவர்களுக்கு ஊரைக் காட்டும்போது அழகானவற்றோடு இதையும் காட்ட வேண்டும் என்று அவர் நினைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஈஸ்டர் 2024-இல் மே 5 அன்று வந்தது. முந்தைய நள்ளிரவில் தேவாலய முற்றத்தில் கூடியிருந்தவர்களோடு நாங்களும் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றோம். ஒருவர் சுடரிலிருந்து இன்னொருவர் ஏற்றிக்கொண்டே வர, இருட்டாக இருந்த முற்றம் சில நிமிடங்களில் வெளிச்சமானது. அந்தச் சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, நிலைப்படியின் மேல் அதன் புகையால் சிலுவை வரைவது வழக்கம். கிரியா தம் வாசலில் வரைந்துவிட்டு, எங்கள் வாசலுக்கு வந்து தயங்கி நின்று, "நீங்கள் வேறு சமயத்தவர், வரையலாமா?" என்று கேட்டார். வரையுங்கள் என்றோம். திருவிழாச் சாப்பாட்டில் குடல் சூப் எங்களுக்கு ஆகாது என்பதால், சிவப்புச் சாயமிட்ட முட்டைகளுக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று தனியாக அவரைப் பருப்பு வேகவைத்திருந்தார்.

கேட்டவர் குடியேறப் போகிறவராக இருந்தால், நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வாடகை வீட்டைக் கடைத்தெருவுள்ள குடியிருப்புப் பகுதியில் தேடுங்கள். மின்தூக்கியில் ஏறும்போதும் கடைக்குள் நுழையும்போதும் முதலில் 'காலிமேரா', அதாவது காலை வணக்கம், சொல்லுங்கள். பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணி வரை சத்தம் செய்யாதீர்கள். அது அவர்கள் ஓய்வெடுக்கும் பொழுது. காப்பிக் கடையில் ஒரு கோப்பையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் எந்த ஊர் என்று கேட்டால் அவசரமில்லாமல் பதில் சொல்லுங்கள். எங்களுக்குக் கிடைத்த நண்பர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்.

நாங்கள் அங்கிருந்த நாள் முழுவதும் எக்னாதியா சாலையில் மெட்ரோ பணிக்கான தகரத் தடுப்புகள் இருந்தன. நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, 2024 நவம்பர் 30 அன்று, அது ஓடத் தொடங்கியது. வெனிசெலு நிலையத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட பைசாந்தியக் காலப் பளிங்குச் சாலையை அந்த நிலையத்துக்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கிரியா பேத்தியோடு போய் அங்கே நின்று எடுத்த படத்தை அனுப்பி, நாங்கள் அடுத்த முறை வரும்போது மூவருக்கும் பயணச்சீட்டு தாம்தான் எடுக்கப்போவதாக எழுதியிருந்தார். சரி அம்மா, எடுங்கள் என்று உடனே பதில் எழுதினேன்.