பழைய இரும்புக்கடை வாங்காத பிளாஸ்டிக்

வணக்கம் ஐயா,

கடற்கரைக் குப்பை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மறுசுழற்சியை மட்டும் நம்பிக் கடலைக் காப்பாற்ற முடியாது என்று எழுதியிருந்தீர்கள். நான் குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வாரம் ஒருமுறை பிளாஸ்டிக்கைச் சேகரித்து, கழுவிக் காயவைத்துப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்புகிறோம். உங்கள் கட்டுரையைப் படித்த சக ஆசிரியர் ஒருவர், "எல்லாம் வீண் வேலை டீச்சர், பேசாம எரிச்சிடலாம்" என்கிறார். இப்படி எழுதினால், இப்போது பிரித்துப் போடுகிற நாலு பேரும் நிறுத்திவிட மாட்டார்களா? என்னைக் கேட்டால் குறை பிளாஸ்டிக்கில் இல்லை, நம் ஜனங்களின் ஒழுக்கத்தில்தான். ஜப்பானிலும் இதே பிளாஸ்டிக்தானே? இன்னொன்று. 2025-இல் கொச்சி பக்கம் கப்பல் மூழ்கிய பிறகு எங்கள் கரையில் வெள்ளை மணிகள் ஒதுங்கின. பிள்ளைகள் இன்னும் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். "இதை எந்தக் கடையில போடணும்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

— ஓர் அறிவியல் ஆசிரியை, குளச்சல்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பிள்ளைகள் செய்வது வீண் வேலை இல்லை. அவர்கள் கழுவிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் பால் கவருக்கும் விலை உண்டு, வாங்க ஆள் உண்டு. கடைக்குப் போகிற பாட்டில் மழையில் ஓடைக்குப் போகாது. தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் கடைக்காரர் எதையெல்லாம் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிறார் என்று பார்த்தீர்களா? என் கவலை முழுக்க அந்தத் திரும்பி வரும் சாக்கைப் பற்றித்தான்.

ஒரு வகுப்பை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு வாளித் தண்ணீரும் கத்தரிக்கோலும் போதும். தண்ணீர் பாட்டிலின் உடலில் ஒரு துண்டு, மூடியில் ஒரு துண்டு, பால் கவரில் ஒரு துண்டு வெட்டிப் போடச் சொல்லுங்கள். பாட்டில் துண்டை விரலால் அமுக்கி நனைத்துவிட்டால் அடியில் போய் உட்காரும். மூடியும் கவரும் எத்தனை முறை அமுக்கினாலும் மேலே வந்துவிடும். பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகை, தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட 1.4 மடங்கு கனம். மூடியும் கவரும் தண்ணீரைவிட லேசான வகைகள். மறுசுழற்சி ஆலைகளில் அரைத்த துண்டுகளைப் பிரிப்பதும் இதே தண்ணீர்த் தொட்டி முறையில்தான். பிரிக்காமல் ஒன்றாகப் போட்டு உருக்கவும் முடியாது. பால் கவர் 110 டிகிரி சொச்சத்தில் உருகிவிடும். பெட் உருக 250 டிகிரியைத் தாண்ட வேண்டும். நடுவில், குழாய் செய்கிற பிவிசி கொஞ்சம் கலந்துவிட்டால், அந்தச் சூட்டில் அது சிதைந்து அமிலம் கக்கி மொத்தச் சரக்கையும் பழுப்பாக்கிக் கெடுத்துவிடும். "பிளாஸ்டிக்" என்று ஒரே பெயரில் அழைத்தாலும், ஒன்றோடொன்று சேராத பல பொருட்கள் இவை.

இனி ஒரு ஷாம்பூ சாஷேயைக் கொடுத்து, அதைப் பிரித்து வாளியில் போடச் சொல்லுங்கள். வெளியே அச்சடித்த பாலியெஸ்டர் படலம். அதற்கடியில் அலுமினியம் பூசிய பளபளப்பு. உள்ளே சூட்டில் ஒட்டுகிற பாலிஎத்திலீன். எல்லாவற்றையும் பசை போட்டு ஒன்றாக்கியிருப்பார்கள். பிள்ளைகள் நகத்தால் பிரித்துப் பார்க்கட்டும். வராது. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, மசாலாத்தூள் பாக்கெட் எல்லாம் அநேகமாக இதே குடும்பம். காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் மாதக்கணக்கில் பொருளைக் காப்பதற்காகத்தான் இந்த அடுக்குகள். அந்த வேலைக்கு அருமையான பொருள். வேலை முடிந்த பிறகு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய இரும்புக்கடை அண்ணாச்சி கசக்கினால் வரும் சத்தத்தை வைத்தே பிளாஸ்டிக்கை வகை பிரித்துவிடுவார். அவர் சாஷே சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இது எடை நிக்காது சார். லோடு ஏத்துற கூலிக்கே கட்டாது. அப்படியே அனுப்புனாலும் ஆலைக்காரன் திருப்பி விட்ருவான்."

நீங்கள் ஒழுக்கம் என்கிறீர்கள். இந்த சாஷேயைக் கழுவி, காயவைத்து, அடுக்கி, ஜப்பான்காரரைப் போல நாள் கிழமை பார்த்து வைத்தாலும் அண்ணாச்சி வாங்க மாட்டார். மறுசுழற்சி ஆகாது என்பது அது ஆலையில் உருவான அன்றே முடிவாகிவிட்ட விஷயம். வாங்கித் தலைக்குக் குளித்தவரை அதற்குப் பிறகு குற்றவாளி ஆக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜப்பானைப் பற்றி அரைகுறையாகத்தான் நமக்குச் சொல்கிறார்கள். அங்கே பிளாஸ்டிக் கழிவில் 80 சதவீதத்துக்கு மேல் "பயன்படுத்தப்படுகிறது" என்று கணக்குக் காட்டுவது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதியை எரித்து வெப்பமும் மின்சாரமும் எடுக்கிறார்கள். திரும்பவும் பிளாஸ்டிக் ஆவது சின்னப் பங்குதான். தெருவும் கடற்கரையும் சுத்தமாக இருப்பதற்கு அந்த ஒழுங்கு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்காலும் கூட அடுக்குப் படலத்தை மறுபடி அடுக்குப் படலமாக்க முடியவில்லை.

நம் ஊரிலும் இப்போது அந்த எரிப்புதான் நடக்கிறது. உள்ளாட்சிகள் சேகரிக்கும் மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கில் ஒரு பங்கு அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது. ஓடையில் கிடப்பதைவிட இது மேல்தான். ஆனால் எரித்ததை மறுசுழற்சி என்று சொல்லக் கூடாது.

இதற்குள் ஒரு சட்டக் கதை இருக்கிறது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதில். மத்திய அரசு 2016-இல் கொண்டுவந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் 2 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று தெளிவாக இருந்தது. சரியாக 2 ஆண்டு கழித்து, 2018 மார்ச்சில், அந்த வரியைத் திருத்தினார்கள். மறுசுழற்சி செய்ய முடியாத, "அல்லது" எரிசக்தி எடுக்க முடியாத, "அல்லது" மாற்றுப் பயன் இல்லாத பல அடுக்கு பிளாஸ்டிக் என்று ஆக்கினார்கள். சிமெண்ட் சூளையில் எரிக்க முடிந்தால் எரிசக்தி எடுத்தாயிற்று; ஆக, நிறுத்தத் தேவையில்லை என்று வாதாட வழி கிடைத்துவிட்டது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களின் பட்டியலில் ஸ்ட்ரா உண்டு, காது குடையும் குச்சி உண்டு, ஐஸ்கிரீம் குச்சி உண்டு. ஷாம்பூ சாஷே இல்லை.

சாஷேயில் ஷாம்பூ விற்கலாம் என்று வழிகாட்டியவர் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். பணக்காரர்கள் பயன்படுத்துவது கூலித்தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். இன்றும் பாட்டில் வாங்க மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத வீடுகள் உங்கள் பள்ளியிலேயே இருக்கும். அவர்களிடம் போய் சாஷே வாங்காதே என்று பாடம் எடுக்க எனக்கு மனம் வராது. மளிகைக் கடையில் எண்ணெயைப் பாத்திரம் கொண்டுபோய் அளந்து வாங்கிய ஊர்தானே நம்முடையது? ஷாம்பூவையும் அப்படி 2 ரூபாய்க்கு அளந்து ஊற்ற வழி செய்ய வேண்டியது கோடிக்கணக்கில் சாஷே விற்கும் நிறுவனங்களின் பொறுப்பு.

சரி, கடை வாங்கிக்கொள்ளும் பாட்டிலாவது திரும்பத் திரும்பப் பாட்டில் ஆகிறதா? பெரும்பாலும் இல்லை. அரைத்து உருக்கி, பாலியெஸ்டர் இழையாக இழுத்து, துணியாகவோ தலையணைப் பஞ்சாகவோ போகிறது. அந்தத் துணியை மறுபடி யாரும் வாங்குவதில்லை. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலி, பழைய நூலை இழுத்தால் அறுவதைப் போல, அங்கங்கே அறுந்து குட்டையாகிறது. பொருளின் தரம் இறங்குகிறது. பெரும்பாலும் புதுப் பிளாஸ்டிக் கலந்துதான் அடுத்த சுற்று ஓடுகிறது.

உலகப் பிளாஸ்டிக் கழிவில் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆனது என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் போட்ட கணக்கு. 1950 முதல் 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் கழிவானது 630 கோடி டன். அந்தக் கழிவில் 9 சதவீதம் மறுசுழற்சி ஆனது, 12 சதவீதம் எரிக்கப்பட்டது, மீதி மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. மறுசுழற்சியானதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று போனது பத்தில் ஒரு பங்குதான்.

இப்போது அந்தப் பையனின் கேள்வி. வெள்ளை மணிகளை எந்தக் கடையில் போடுவது? எந்தக் கடையிலும் முடியாது. அவன் உங்கள் சக ஆசிரியரையும் என்னையும்விடச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறான். அந்த மணிகள் யாரும் பயன்படுத்தி எறிந்த குப்பை இல்லை. பிளாஸ்டிக் ஆலைகளுக்கான மூலப்பொருள். துவரம்பருப்பு அளவில் மூட்டை மூட்டையாகக் கப்பலில் போகிறது. 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 600-க்கும் மேற்பட்ட கண்டெய்னர்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. சில நாட்களில் திருவனந்தபுரம் கரையிலும் உங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் மணிகள் ஒதுங்கின. அதற்கு 4 ஆண்டுகள் முன்பு, 2021-இல், கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் மணிகள் கடலில் கலந்தன. நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடிக்கவே தடை விழுந்தது. வலையைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த மீனவர்கள் எந்தப் பிளாஸ்டிக்கையும் எங்கும் எறியவில்லை. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது.

பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மணிகளை வெறுங்கையால் பொறுக்க வேண்டாம். கடலில் கிடந்த பிளாஸ்டிக் தண்ணீரில் உள்ள நச்சு வேதிப்பொருட்களைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். கையுறை போட்டு, சல்லடையால் மணலைச் சலித்து எடுத்து, மூடிய டப்பாவில் போட்டு உள்ளாட்சி அலுவலகத்தில் ஒப்படைக்கட்டும்.

கடலில் போய் அள்ளிவிடலாமே என்று வேறு சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். 2014-இல் வந்த ஓர் ஆய்வு, உலகக் கடல்களின் மேற்பரப்பில் மிதப்பது இரண்டரை லட்சம் டன்னுக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டது. ஆறுகள் வழியாக மட்டும் ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் வரை கடலுக்குள் போகிறது என்று 2021 ஆய்வொன்று சொல்கிறது. மிதப்பதைவிடப் பல மடங்கு வருடா வருடம் போகிறது என்றால், மீதியெல்லாம் கரையில் ஒதுங்கியிருக்கிறது, உடைந்து தூளாகியிருக்கிறது, அல்லது உங்கள் வாளியின் பாட்டில் துண்டைப் போல அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. எந்த வலையைப் போட்டு அதை அள்ளுவது? அதே 2021 ஆய்வு, பெரிய நதிகளைவிட ஊர் நடுவே ஓடும் சின்ன ஆறுகள்தான் அதிகம் கொண்டுபோகின்றன என்கிறது. கூவம் மாதிரி ஆறுகள்.

ஒழுக்கத்துக்கு ஒரு கடைசிப் பதில். நீலகிரியில் மதுப் பாட்டில்களைக் காட்டில் வீசி உடைத்தார்கள். யானைகளின் பாதத்தில் கண்ணாடி குத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர்கள் அதே ஆட்கள்தான், ஒரு மாதத்தில் யாரும் ஒழுக்கசீலர் ஆகிவிடவில்லை. ஏற்பாடு மாறியது, அவ்வளவுதான். கண்ணாடியில் முடிந்தது பெட் பாட்டிலிலும் முடியும். ஜெர்மனியில் 2003 முதல் அப்படித்தான் நடக்கிறது.

உற்பத்தியைக் குறைப்பது இதைவிடக் கடினம். 2022 மார்ச்சில் நைரோபியில் உலக நாடுகள் சேர்ந்து பிளாஸ்டிக்குக்கு ஓர் ஒப்பந்தம் செய்வோம் என்றன. அதற்கான பேச்சு 2024 டிசம்பரில் தென்கொரியாவின் பூசானில் முறிந்தது. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் மறுபடி முறிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உற்பத்திக்கு வரம்பு கேட்டன. எண்ணெய் வள நாடுகள் மறுத்தன. இந்தியாவும் உற்பத்தி வரம்பை ஏற்கவில்லை. நெடிய கடற்கரையும் அதை நம்பி வாழும் இத்தனை மீனவர் ஊர்களும் உள்ள நாடு அந்தப் பக்கம் நின்றது எனக்கு வேதனை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த மாதம் முழுக்க, கடைக்காரர் திருப்பி அனுப்பும் உறைகளைத் தனிச் சாக்கில் போடட்டும். மாதக் கடைசியில் கொட்டி, நிறுவனம் வாரியாக எண்ணி எழுதட்டும். இன்றைய விதிகளின்படி, தான் சந்தையில் விட்ட உறைக்கு உற்பத்தி நிறுவனம்தான் பொறுப்பு. உறையின் பின்பக்கத்தில் முகவரி இருக்கும். "இவை எங்கள் ஊரில் கிடைத்தவை, யாரும் வாங்க மறுக்கிறார்கள், எப்போது எடுத்துக்கொள்வீர்கள்?" என்று பிள்ளைகள் கையெழுத்தில் ஒரு கடிதம், அதன் நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்குத் தெரியப்படுத்துங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

எரிப்பது மட்டும் வேண்டாம் என்று சக ஆசிரியரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பள்ளிக் கொல்லையில் மூட்டும் தீக்குச் சிமெண்ட் சூளையின் சூடு கிடையாது. குவியலில் பிவிசி துண்டு ஒன்று கிடந்தாலும் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு வரும், அதைச் சுவாசிக்கப் போவது பக்கத்து வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகள். எண்ணி முடித்த உறைகளை நனையாமல் கட்டி வைத்து, தூய்மைப் பணியாளர் வரும்போது மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.