வாய்தாவுக்குப் பயப்படாத ஊர் லத்தீனுக்கு ஏன் பயப்படணும்?

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் 31 வருஷம் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டுத் தூக்கியவன் நான். வக்கீல் இல்லை. அதனால் "என் கேஸ் ஜெயிக்குமா" என்று கேட்காதீர்கள், கட்டுக்குள் இருக்கிற ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம், அது வந்தால் மறுநாள் காலையில் நாம் என்ன செய்ய வேண்டும், இதை மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

வள்ளியூர் தம்பி: அண்ணாச்சி, எங்க அப்பா கேஸ் 'எக்ஸ்பார்ட்டி ஆயிட்டு'ன்னு சொல்லுதாங்க. கேஸைவிட்டே எடுத்துட்டாங்களா?

இல்லை தம்பி. ஒரு பக்கத்தை மட்டும் வைத்து நடத்துவது என்றுதான் அதற்கு அர்த்தம். நடப்பது இப்படி: வழக்கு எண் வந்ததும் டவாலி, அதாவது கோர்ட் சேவகர், வாசலுக்கு வந்து பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். அப்பாவும் இல்லை, அவருக்காக எழுந்து நிற்க வக்கீலும் இல்லை என்றால் குறிப்பில் 'செட் எக்ஸ்பார்ட்டி' என்று ஒரு வரி விழுந்துவிடும். எதிரே டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கே அது விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன், பாவம், காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறி வந்த மனிதர்.

இதில் இரண்டு கட்டம் உண்டு, எந்தக் கட்டம் என்று இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள். ஒருதலையாக ஒதுக்கி மட்டும் வைத்திருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9, ரூல் 7-ன்படி வராததற்குக் காரணம் சொல்லி மனுப் போட்டு மறுபடி உள்ளே வரலாம். டிகிரியே, அதாவது தீர்ப்பாணையே, ஆகிவிட்டது என்றால் ரூல் 13, அதற்குக் கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை, அதாவது கையில் வந்து சேரவில்லை என்றால் அந்த 30 நாள், உங்களுக்கு விஷயம் தெரியவந்த நாளிலிருந்து. அதையும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு போட வேண்டும், ஒவ்வொரு நாளும் எங்கே போயிருந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அர்த்தத்தை மெதுவாகப் படித்துக்கொள்ளலாம், முதலில் தேதியைப் பாருங்கள்.

அம்பாசமுத்திரம் அக்கா ஒருவர்: தம்பிக்குச் சம்மன் வந்திருக்கு. அவன் பெயருக்கு நேரே 'எதிரி'ன்னு போட்டிருக்காங்க. நாங்க யாருக்கும் எதிரி இல்லையே?

அக்கா, நம்ம ஊர் கிரிமினல் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றுதான் பெயர். 1-ம் எதிரி, 2-ம் எதிரி என்று வரிசையாக வரும். விரோதி என்று யாரும் தீர்ப்பு எழுதிவிடவில்லை. சிவில் வழக்கு என்றால் அதே இடத்தில் 'பிரதிவாதி' இருக்கும். ஆக அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தே இது கிரிமினலா சிவிலா என்று தெரிந்துகொள்ளலாம். இன்னொன்று: புகார் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் வழக்கு நடத்துவது அரசுதான், இன்ஸ்பெக்டர் மூலமாக. புகார் கொடுத்தவரை 'டிஃபேக்டோ கம்ப்ளைனன்ட்' என்பார்கள். டி ஃபேக்டோ என்றால் 'நடைமுறையில்' என்று பொருள், லத்தீன். பக்கத்து வீட்டுக்காரர் மனசு மாறி "வேண்டாம், விட்டுருவோம்" என்று திண்ணையில் சொன்னால் மட்டும் கேஸ் முடியாமல் போவது இதனால்தான்.

டவுனிலிருந்து ஒரு காலேஜ் பையன்: செத்துப்போன லத்தீனை இன்னும் ஏன் பிடிச்சுத் தொங்குதாங்க?

நல்ல கேள்வி. இங்கிலாந்திலேயே 1733-லிருந்து கோர்ட் நடவடிக்கைகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. 1999-ல் அங்கே புது சிவில் விதிகள் வந்தபோது 'எக்ஸ்பார்ட்டி' போன்ற சொற்களையும் எடுத்துவிட்டு நேரான ஆங்கிலம் வைத்தார்கள். நாம்தான் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒன்று யோசி. வக்காலத்து, வாய்தா, ஜாமீன், ஜப்தி, அமீனா, தாவா, ராஜி, இதில் எது தமிழ்? எல்லாம் அரபியும் பாரசீகமும் வழியாக வந்தவை. உன் ஆச்சியிடம் 'வாய்தா' என்று சொல்லிப் பார், எந்த அகராதியும் இல்லாமல் அர்த்தம் சொல்வாள். நூறு தரம் அலைந்தால் எந்தச் சொல்லும் வாயில் உட்கார்ந்துவிடும்.

களக்காட்டிலிருந்து: வாழைத் தோட்டத்துப் பங்காளித் தகராறில் 'ஸ்டேட்டஸ் கோ' ஆர்டர் வாங்கியிருக்கோம். இதுவும் ஸ்டேயும் ஒண்ணுதானா?

ஒன்றில்லை. ஸ்டே என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நடவடிக்கையை, அல்லது ஏற்கெனவே போட்ட ஓர் உத்தரவை, அப்படியே நிறுத்தி வைப்பது. ஒரு ஆளைப் பார்த்து "நீ இதைச் செய்யாதே" என்று கட்டுப்படுத்துவது இன்ஜங்ஷன், தமிழில் உறுத்துக்கட்டளை. ஸ்டேட்டஸ் கோ என்றால் இப்போது இருக்கும் நிலை அப்படியே இருக்கட்டும் என்பது.

சிக்கல் எங்கே என்றால் அந்த 'இப்போது' என்ற சொல்லில். உத்தரவு வந்த அன்றைக்கு வரப்பு எங்கே இருந்தது, குலை தள்ளிய வாழையை வைத்தவர் யார், மோட்டார் ரூம் சாவி யார் இடுப்பில் இருந்தது? இரண்டு பேருமே "நான்தான் அனுபவத்தில் இருந்தேன்" என்று அதே காகிதத்தை நீட்டுவார்கள், ராத்திரியோடு ராத்திரியாக வரப்பு ரெண்டு முழம் நகர்ந்திருக்கும். அதனால் உத்தரவு கையில் வந்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அதே உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 26, ரூல் 9-ல் வக்கீல் கமிஷனர் நியமிக்கக் கேட்டு, அவர் வந்து இடத்தைப் பார்த்து, சர்வேயரை வைத்து அளந்து, வரைபடத்தோடு அறிக்கை கொடுத்தால்தான் 'இப்போது' என்பதற்கு ஓர் உருவம் கிடைக்கும்.

நாங்குநேரி: சித்தப்பா மகன் எங்கமேல கேஸ் போடப்போறான்னு கேள்வி. கேவியட் போட்டா அவன் கேஸ் நின்னுருமா?

நிற்காது. 'எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், எச்சரிக்கை கோர்ட்டுக்கு: என்னைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போடாதீர்கள். அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 148-ஏ. ஆயுள் 90 நாள், அப்புறம் தேவைப்பட்டால் புதிதாகப் போட வேண்டும். போடும்போது சித்தப்பா மகனுக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவனுக்கு அந்த யோசனையே இல்லாமல் இருந்திருந்தால், வெற்றிலை பாக்கு வைத்து நாமே கேஸுக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும். கேள்விப்பட்டது நிஜமா என்று முதலில் விசாரியுங்கள்.

மணிமுத்தாறு பக்கம் ஒரு ஆச்சிக்காக அவங்க பேரன்: ஹேபியஸ் கார்பஸ் போட்டா ஓடிப்போன சித்தி மகளை வீட்டுக்கு அனுப்பிருவாங்களான்னு ஆச்சி கேக்காங்க.

இதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் ஆபீஸில் ஒரு ஜூனியர், படித்த பையன், ஒரு அம்மாவிடம் "உடலைக் கொண்டுவரச் சொல்லி மனு போடுதோம்" என்று லத்தீனை அப்படியே பெயர்த்துச் சொல்லிவிட்டான். அந்த அம்மா 'உடல்' என்றதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்து, "உயிரோடதான்மா, ஆளைக் கொண்டாந்து நிறுத்தச் சொல்லுதோம்" என்று தேற்ற அரை மணி நேரம் ஆனது. தமிழில் 'ஆட்கொணர்வு' என்று வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

நமக்கு ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் போட வேண்டும். 2004 ஜூலை 24-ல் அது தொடங்குவதற்கு முன்னால் இதற்கும் சென்னைக்குத்தான் ரயில் ஏறினோம். பிள்ளை 18 வயது தாண்டியிருந்தால் நீதிபதி அவளிடம்தான் கேட்பார்: யாரோடு போக விருப்பம்? அவள் சொல்வதுதான் முடிவு. அடைத்து வைத்திருந்தால் விடுவிப்பார்கள். தன் விருப்பத்தில் போனவளை வீட்டுக்கு இழுத்துவரும் வேலையை அந்த மனு செய்யாது, ஆச்சிக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரே ஆள் வரிசையாகக் கேட்டவை: ப்ரைமா ஃபேசி, சூவோ மோட்டு, மென்ஸ் ரியா.

முதலாவது, முதல் பார்வையில். 'முகாந்திரம் இருக்கிறது' என்று பேப்பரில் வருமே, அதுதான், குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டாவது, யாரும் மனுப் போடாமல் கோர்ட் தானாகவே எடுப்பது. மூன்றாவது, குற்ற மனம். நெல்லையப்பர் கோயில் வாசலில் உங்கள் செருப்பு என்று நினைத்து வேறு ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனால் திருட்டு இல்லை, நேர்மையற்ற எண்ணம் அங்கே இல்லை. புதுசாக இருக்கிறதே என்று மாட்டினால் திருட்டு. கோர்ட்டில் இதை நிரூபிக்கத்தான் இத்தனை பாடு.

கடைசியாக, சேரன்மகாதேவி அண்ணன்: வாங்கப்போற நஞ்சைக்கு 'லிஸ் பெண்டன்ஸ்' இருக்குன்னு ஒருத்தர் பயமுறுத்துதார். வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கே?

லிஸ் பெண்டன்ஸ் என்றால் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது. வில்லங்கம் பதிவான பத்திரங்களைக் காட்டும். கோர்ட்டில் வழக்கு ஓடுவது அதில் தெரியாமலே போகலாம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 52 சொல்வது: வழக்கு நடக்கும்போது வாங்கினால் விற்பனை செல்லாது என்றில்லை, ஆனால் தீர்ப்பு எப்படி வருகிறதோ அது வாங்கினவரையும் கட்டும். விற்றவர் தோற்றால் நீங்களும் தோற்றீர்கள். "எனக்குத் தெரியாதே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஈ-கோர்ட்ஸ் செயலியில் விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டுத் தேடுங்கள், ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்தாதீர்கள், பெயரை நாலு விதமாக எழுதுகிற ஊர் நம்மூர். ஊரில் பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் அங்கே வழக்கு நடக்காது.

அட்வான்ஸ் கொடுத்தாச்சா அண்ணே? அதை முதலில் சொல்லுங்க.