ஹக்கீம் ஒலாஜுவான் கூடைப்பந்துக்கு விட்டுச்சென்றது என்ன? தோளை ஒரு பக்கம் ஆட்டிக் காட்டி மறுபக்கம் திரும்பிப் பந்தைப் போடும் அவருடைய 'டிரீம் ஷேக்' இன்றைக்கும் எடுபடுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: எடுபடும். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலானோர் தோளாட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், அடித்தளத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஒலாஜுவான் 1963-இல் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். கூடைப்பந்துக்கு வந்ததே பதின்பருவத்தின் நடுவில்தான். அதற்கு முன் கால்பந்தில் கோல்கீப்பர், பிறகு ஹேண்ட்பால். ஏழடி உயரத்துக்கு அந்தக் கால்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதுவே விடை. 1984-இல் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. அதே ஆண்டு மைக்கேல் ஜோர்டன் மூன்றாவதாகத்தான் போனார். அதற்காக ஹூஸ்டனை இன்றுவரை யாரும் கேலி செய்வதில்லை.

இனி டிரீம் ஷேக். கூடைக்கு முதுகைக் காட்டி, பிளாக் (கூடைக்கு அருகே தரையில் உள்ள சிறு கட்டம்) பக்கத்தில் முழங்காலை மடக்கி அகலமாக நிற்க வேண்டும். பந்தை வாங்கும்போது இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். இந்த ஜம்ப் ஸ்டாப்பில்தான் பாதி வேலை இருக்கிறது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இறங்கினால் முதலில் பட்ட கால்தான் பிவட், அதாவது தரையில் ஊன்றிச் சுழலும் கால். ஒரு பக்கம் அடைபட்டுவிடும். இரண்டும் சேர்ந்து பட்டால் எந்தக் காலையும் பிவட் ஆக்கலாம். டிஃபெண்டருக்கு (தடுப்பவருக்கு) எது என்று தெரியாது.

அடுத்தது முதுகால் கேட்பது. டிஃபெண்டரின் கையும் மார்பும் எந்தத் தோளில் அழுத்துகின்றன? நடுப்பக்கத் தோளில் என்றால் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) பக்கம் வழி இருக்கிறது. அப்போது தலை, தோள், பந்து மூன்றையும் நடுப்பக்கம் காட்டி, அவர் எடை அந்தக் காலுக்கு மாறியதும் பேஸ்லைன் பக்கம் திரும்பி ஜம்ப் ஷாட். அவர் அதற்கும் ஏமாறாமல் பின்னாலேயே வந்து கையைத் தூக்கினால் பம்ப் ஃபேக், அதாவது பந்தைப் போடுவதுபோல் பாவனை. அவர் எகிறியதும் அவர் கைக்கு அடியில், பிவட் அல்லாத காலை அவர் காலைத் தாண்டி வைத்து, கூடைக்கு அருகில் போய்ப் போட வேண்டும். இந்தக் கடைசி அடியில் பிவட் காலைத் தூக்கலாம். அது மறுபடி தரையைத் தொடுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்ன ஆட்டங்களில் நடுவர்கள் இதற்கும் டிராவல் (பந்தோடு கூடுதல் அடி வைக்கும் பிழை) ஊதுவதுண்டு. ஷாட்டுக்குப் பதில் டிரிபிள் போட (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போக) நினைத்தால் விதி வேறு: பிவட் கால் எழுமுன் பந்து கையை விட வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். பம்ப் ஃபேக்கில் முழங்காலும் சேர்ந்து நிமிர்ந்துவிடும்; நிமிர்ந்த காலால் மறுபடி கிளம்ப முடியாது. பந்து நெற்றிவரை போனால் போதும், கால் மடங்கியே இருக்கட்டும். இன்னொன்று வேகம். ஃபேக் மின்னலாக இருந்தால் டிஃபெண்டர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார், அப்புறம் எப்படி ஏமாறுவார்? பந்தை இடுப்புக்கு இறக்கினால் பக்கத்தில் நிற்கும் கார்டு (வெளியே ஆடும், உயரம் குறைந்த வீரர்) தட்டிவிடுவார். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, திரும்பிப் போடும் ஷாட் விழாமலேயே ஃபேக் பழகுவது. அது விழும் என்ற பயம் இருந்தால்தான் எதிராளி எகிறுவார். ஒலாஜுவானின் ஃப்ரீ த்ரோ (கோட்டில் நின்று தடுப்பின்றிப் போடும் ஷாட்) சராசரி 71 சதவீதம். கூடைக்கு அருகில் ஆடும் உயரமான சென்டருக்கு அது நல்ல கை. எனவே முதலில் இரு பக்கமும் திரும்பிப் போடும் ஷாட், பிறகு பம்ப் ஃபேக், கடைசியில்தான் தோளாட்டம்.

பார்த்துக் கற்க வேண்டுமானால் 1995 வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் (என்பிஏவின் மேற்குப் பிரிவு) இறுதியின் இரண்டாவது ஆட்டம். அன்றுதான் எதிரணி சென்டர் டேவிட் ராபின்சன் எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) கோப்பையை வாங்கினார். ஒலாஜுவான் 41 புள்ளிகள் எடுத்தார். ஆறு ஆட்டத் தொடரில் அவர் சராசரி 35.3. ராபின்சன் மோசமான டிஃபெண்டர் அல்ல, 1992-இன் சிறந்த டிஃபெண்டர் அவரே. அடுத்து ஃபைனல்ஸில் ஷாகில் ஓ'நீலின் ஆர்லாண்டோவை 4-0 என்று முடித்து ஹூஸ்டன் இரண்டாவது முறையாகக் கோப்பையை எடுத்தது.

ஓய்வுக்குப் பின் அவரைத் தேடி வந்தவர்கள்: 2009-இல் கோபி பிரையன்ட், 2010-இல் டுவைட் ஹாவர்ட், 2011-இல் லெப்ரான் ஜேம்ஸ். ஏற்கெனவே நட்சத்திரங்களானவர்கள் கோடையில் ஹூஸ்டனுக்கு வந்து பிவட் பழகினார்கள் என்பதை நான் எந்தக் கோப்பைக்கும் மேலாக வைப்பேன். கேமரூனின் ஜோயல் எம்பீட் அவருடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் தொடங்கினார்.

பிறகு டிரீம் ஷேக் ஏன் இன்று குறைவாகத் தெரிகிறது? விதிகள் மாறின. 1999-இல் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே முதுகைக் காட்டி டிரிபிள் செய்ய ஐந்து விநாடி வரம்பு வந்தது. 2001-இல் ஜோன் டிஃபென்ஸ் (ஆளை அல்ல, இடத்தைக் காக்கும் தடுப்பு) அனுமதிக்கப்பட்டதால் பந்து வருமுன்னே, கூடைக்கு அருகில் நிற்கும் போஸ்ட் ஆளை முன்னும் பின்னும் அடைக்க முடிகிறது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய விரிந்த ஆட்டத்துக்கும் அந்த ஹூஸ்டன் ஒரு முன்மாதிரிதான். பயிற்சியாளர் ரூடி டாம்ஜனோவிச் ஒலாஜுவானை நடுவில் நிறுத்தி, கென்னி ஸ்மித், ராபர்ட் ஹாரி, மாரியோ எலி போன்றவர்களைச் சுற்றிலும் மூன்று புள்ளிக் கோட்டில் வைத்தார். டபுள் (இரண்டாவது தடுப்பாளர்) வந்தால் பந்து வெளியே போகும்.

தடுப்பைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். 3,830 பிளாக் (இங்கே எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) இன்றும் சாதனை. பிளாக் 1973-74-இலிருந்துதான் எண்ணப்படுகிறது, அதற்கு முன் ஆடிய பில் ரஸ்ஸல், வில்ட் சேம்பர்லைன் கணக்கில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு அதைவிட முக்கியம் 2,162 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது). சென்டர்களுக்கு இது வாய்க்காது. 1988-89-இல் 282 பிளாக்கும் 213 ஸ்டீலும். ஒரே சீசனில் இரண்டிலும் 200-ஐத் தொட்ட வேறு ஆள் இல்லை. எம்விபி, சிறந்த டிஃபெண்டர், ஃபைனல்ஸ் எம்விபி மூன்றையும் ஒரே சீசனில் (1993-94) வாங்கியவரும் அவர் மட்டுமே. 2022-இலிருந்து சிறந்த டிஃபெண்டர் கோப்பைக்கு அவர் பெயர்.

இன்றைய சென்டரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, எதிரணி ஸ்கிரீனில் (வழிமறித்து நிற்பதில்) தடுப்பாளர்கள் ஆளை ஸ்விட்ச் செய்துகொண்டால் கார்டோடு வெளியே நிற்க முடியுமா என்பது. ஒலாஜுவானால் முடிந்தது. 1994 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் 86-84 முன்னிலை, கடைசி விநாடிகள், நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக்கு எழுகிறார். பேட்ரிக் யூயிங்கைக் காத்துக்கொண்டிருந்த ஒலாஜுவான் வெளியே வந்து விரல் நுனியால் அதைத் தொட்டார். அது விழுந்திருந்தால் நியூயார்க் சாம்பியன். விழாததால் ஏழாவது ஆட்டம் நடந்தது, ஹூஸ்டன் 90-84 என்று வென்றது.