நான் வேலைக்குப் போனால் வரி ரீஃபண்ட் போய்விடுமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். கணவருக்கு ஆண்டுக்கு 30,000 டாலர் சம்பளம். இரண்டு சிறு குழந்தைகள். நால்வருக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் உண்டு. எனக்கு 18,000 டாலரில் ஒரு வேலை வருகிறது. 'நீ போனால் ரீஃபண்ட் முழுக்கப் போய்விடும்' என்கிறார்கள். போகலாமா?

பதில்: முழுக்கப் போகாது, சகோதரி. ஆனால் நன்றாகவே குறையும்.

இஐடிசி என்பது குறைந்த வருமானத்தில் உழைக்கும் குடும்பங்களுக்கான வரிச் சலுகை. அதில் இரண்டு குழந்தையுள்ள தம்பதிக்கு 2024 விதிப்படி உச்சத் தொகை 6,960 டாலர். இருவர் வருமானமும் சேர்ந்து 29,640-ஐத் தாண்டியதும் டாலருக்கு 21 சென்ட் வீதம் குறைந்து, 62,688-ல் தீர்ந்துவிடும். உங்கள் கணவரின் சம்பளமே அந்த எல்லையைத் தாண்டிவிட்டதால், உங்கள் முதல் டாலரிலேயே வெட்டு விழுகிறது. தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கு இதே சலுகை முதல் 17,400 டாலர் வரை டாலருக்கு 40 சென்ட் கூட்டிக் கொடுக்கிறது. அவரை வேலைக்கு அழைக்கும் திட்டம் உங்களை வீட்டிலேயே இருக்கச் சொல்கிறது, வேடிக்கைதான்.

எல்லாக் கணக்கையும் 2024 விதிப்படியே போடுகிறேன். கணவர் சம்பளம் மட்டும் என்றால் இஐடிசி சுமார் 6,880. நீங்கள் வேலைக்குப் போனால் 3,090, இழப்பு 3,790. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் 1,377. வருமான வரி 80-லிருந்து 1,880 ஆகும். குழந்தைகளுக்கான வரிக்கழிவு அதை அடைத்துவிடும். ஆனால் அதில் கைக்கு வருவது 3,400-லிருந்து 2,120 ஆகக் குறையும். எல்லாம் போக 18,000-ல் மிஞ்சுவது சுமார் 11,550. ஸ்னாப் (அரசின் உணவு உதவி) வாங்குவதாக நீங்கள் எழுதவில்லை. வாங்கினால் அதுவும் குறையக்கூடும்.

டேகேர் கட்டணத்துக்குத் தனிக் கழிவு உண்டு: 2024 விதிப்படி உங்கள் வருமானத்துக்கு 6,000 டாலர் வரையிலான செலவில் 20 சதவீதம், அதாவது 1,200. பார்த்துக்கொள்பவரின் வரி எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா எண் தராவிட்டால், நீங்கள் கேட்டு முயன்றதைக் காட்டினால்தான் அவருக்குக் கொடுத்த பணம் கணக்கில் வரும். அந்த 1,200-ஐயும் சேர்த்தால், டேகேர் இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் 1,060-ஐத் தாண்டும்போது கைநஷ்டம். கணவருக்குப் பகல் ஷிப்ட், உங்களுக்கு மாலை ஷிப்ட் என்று அமைந்தால் இந்தச் செலவே இல்லை.

தனித்தனியாக ஃபைல் செய்து தப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். சேர்ந்து வாழும் தம்பதி அப்படிச் செய்தால் இஐடிசியே கிடையாது. சம்பளத்தைக் கணக்கில் காட்டாமல் வாங்குவது மோசடி. பிடிபட்டால் இஐடிசி வாங்க 10 ஆண்டுத் தடை வரலாம்.

குறைவு சம்பளச் சீட்டில் தெரியாது, அடுத்த பிப்ரவரி ரீஃபண்டில்தான் தெரியும். அந்தப் பணத்தை நம்பிக் கடன் அடைப்பவர்களானால் மாதம் 420 டாலர் ஒதுக்கி வையுங்கள்.

டேகேர் சமாளிக்கக்கூடியதாக இருந்தால் போங்கள் என்றே சொல்வேன். உங்கள் பெயரில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் பெற, வேலை செய்து சேர்க்கும் கிரெடிட் 40 வேண்டும். இந்தச் சம்பளத்தில் ஆண்டுக்கு நான்கு கிரெடிட்டும் முழுதாகச் சேரும்.